மார்கழி விடியலில் கூட்டுப் பயிற்சி

மழைக்காலம் முழுக்கச் சேறும் சகதியுமாகக் கிடந்த கிரவுண்டு காய்ந்து, ஓடத் தோதாகும் நேரம் பார்த்துத்தான் ஆள் குறையத் தொடங்கும். புரட்டாசியில் இருபது பேர் வந்த இடத்தில் மார்கழி முதல் வாரம் எட்டுப் பேர் நிற்பார்கள். வராதவர்களைக் கேட்டால், "பனிண்ணே, நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு" என்பார் ஒருவர். அலாரம் அடிக்கவில்லை என்பார் இன்னொருவர். அலாரம் அடித்திருக்கும். போர்வை ஜெயித்திருக்கும்.

காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் உடலைத் தயார் செய்கிற தம்பி தங்கைகளை மனதில் வைத்து எழுதிய அத்தியாயம் இது. ஊர்க் கபடிக் குழுவுக்கும் காலை நடைக்கு வரும் பெரியவர்களுக்கும் இதிலுள்ள பெரும்பகுதி பொருந்தும். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் குளிர் யாரையும் வீழ்த்துவதில்லை. இருட்டு வீழ்த்தும், அவசரம் வீழ்த்தும், வியர்த்து நனைந்த சட்டை வீழ்த்தும். இந்த மூன்றையும் தனியாள் சமாளிப்பது கடினம், கூட்டத்துக்கு எளிது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்பது யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பனி

டிசம்பர், ஜனவரி மாதங்களில் புதுக்கோட்டையின் அதிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். சில நாள் அதற்கும் கீழே கொஞ்சம் இறங்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் வெயிலுக்குப் பழகிய உடம்பு இதற்கே நடுங்குகிறது. நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர்தான் மிகவும் தோது என்பது உலகெங்கும் மாரத்தான் பந்தயங்களில் கண்ட அனுபவம். அந்தக் கணக்கில் மார்கழியும் தையும் நமக்குக் கிடைக்கிற வரம். வருடத்தின் மற்ற மாதங்களில் காலை ஏழரைக்கே வெயில் நம்மைக் கிரவுண்டிலிருந்து விரட்டிவிடும்.

நடுக்கம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பயமும் போய்விடும். ஓடும்போது தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறையக் கால்பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதியெல்லாம் சூடு. அதனால் பத்து நிமிடம் மெதுவாக ஓடினாலே உடம்புக்குள் அடுப்பு பற்றிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுமையாகக் கடப்பதுதான் மார்கழிப் பயிற்சியின் சூட்சுமம். குளிர்ந்து விறைத்த தசை மெதுவாகத்தான் சுருங்கி விரியும். அதைப் போய் எடுத்த எடுப்பில் நூறு மீட்டர் வேக ஓட்டத்துக்கு இழுத்தால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். பிறகு மூன்று வாரம் கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டியதுதான்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்வார்கள். பொங்கலோடு பனி முடிந்துவிடாது என்பதை நினைவில் வையுங்கள். மாசி வரைக்கும் இந்த அத்தியாயத்தின் விதிகள் செல்லும்.

பனிமூட்டத்தில் இன்னொரு சங்கதி உண்டு. காற்று அசையாத குளிர்ந்த காலையில் தரையோரக் காற்று மேலே எழும்பாது. குப்பை எரித்த புகையும் வண்டிப் புகையும் அதற்குள்ளேயே தங்கி நிற்கும். போகிப் பண்டிகையன்று ஊருக்குள் ஓடாதீர்கள். அன்றைக்குக் கண்மாய்க்கரைப் பக்கம் போங்கள், அல்லது வீட்டிலேயே தண்டால், பஸ்கியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்த்தல்

நகரத்தில் இருப்பவர்களுக்கு மாவட்ட விளையாட்டரங்கம் இருக்கிறது. நடப்பவர்களுக்குப் புதுக்குளத்துக் கரை. மற்ற ஊர்களில் அரசுப் பள்ளி மைதானம்தான் முதல் தேர்வு. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் வருவதற்குள் இடத்தைக் காலிசெய்து, கிடக்கிற தண்ணீர் பாட்டிலைப் பொறுக்கிவிட்டுப் போகிற குழுவை யாரும் விரட்ட மாட்டார்கள்.

மைதானம் இல்லாத ஊரில் கண்மாய்க்கரை உண்டு. மழை முடிந்த கையோடு கரையின் களிமண் வழுக்கும், புல்லில் பனி கோத்திருக்கும், பள்ளம் தெரியாது. வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பார்த்து, பள்ளம் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வையுங்கள். சரளை மண் பாதை ஈரத்திலும் பிடிமானம் தரும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் கடலோரத்தில் அலை நனைத்து இறுகிய மணலில் ஓடலாம். காய்ந்த உதிரி மணலில் வாரம் ஒருநாள் போதும். தினமும் ஓடினால் குதிகால் நரம்பு வலிக்கும்.

தார்ச்சாலையைக் கடைசித் தேர்வாக வையுங்கள். மார்கழியும் தையும் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் பழனிப் பாதயாத்திரையும் சாலையை நிறைக்கும் காலம். விடிய விடிய வண்டி ஓட்டி வந்தவருக்கு நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள்தான் கண் சொருகும். அவருடைய கண்ணை நம்பி நீங்கள் ஓட முடியாது. சாலையில் ஓடியே தீர வேண்டுமென்றால் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். வெள்ளை அல்லது மஞ்சள் சட்டை போடுங்கள். முதலில் ஓடுபவரிடமும் கடைசியில் ஓடுபவரிடமும் டார்ச் இருக்கட்டும். காதில் பாட்டு வேண்டாம்.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு விதியும் உண்டு. வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். அதனால் மார்கழியில் ஊருக்கு ஊர் காளைகளுக்கும் பயிற்சிக் காலம். விடியலில் காளையை நடக்கவிட்டும் குளத்தில் நீச்சல் விட்டும் கூட்டிவருவார்கள். எதிரே காளை வந்தால் குழு மொத்தமும் ஓட்டத்தை நிறுத்தி, சாலையை விட்டு இறங்கி, அது கடந்து போகும்வரை சும்மா நிற்க வேண்டும். விசில் ஊதக் கூடாது. காளைக்கும் அன்றைக்குப் பயிற்சிதான். அதைக் கெடுக்க நமக்கு உரிமையில்லை, அதன் முன்னால் ஓடிக்காட்ட நமக்குத் தெம்பும் இல்லை.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். எல்லோரும் நின்று, ஒன்றாகச் சேர்ந்து, மெல்ல நடந்து கடந்துவிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். சிறு கீறல்தானே என்று விடக் கூடாது.

தலை எண்ணிக்கை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொருவரின் பெயர், வீட்டு எண், ரத்த வகை, ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு ஏதும் உண்டா என்பதை எழுதி வையுங்கள். தினமும் வந்தவருக்கு ஒரு கோடு. ஓட்டம் தொடங்கும் முன் ஒருமுறை, பாதியில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை தலையை எண்ண வேண்டும். பனிமூட்டத்தில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் யார் நிற்கிறார் யார் விழுந்தார் என்று தெரியாத நாளும் உண்டு. அந்த நாளில் இந்த எண்ணிக்கைதான் கண்.

குழுவில் ஒருவர் முன்னால் ஓடி வேகம் வைப்பார். இன்னொருவர் கடைசி ஆள். கடைசி ஆளாக ஓடுவது தண்டனை இல்லை. நல்ல தெம்புள்ள, அவசரப்படாத ஒருவரைத்தான் அந்த வேலைக்கு வைக்க வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதே விதி. விசில் அவர் கையில் இருக்கும். ஒரு ஊதல் என்றால் வேகம் குறை, இரண்டு என்றால் நில், மூன்று என்றால் எல்லோரும் திரும்பி ஓடிவா.

ஒருவர் வரவில்லை என்றால் அன்று காலையே போன் போக வேண்டும். திட்டுவதற்கு இல்லை. "என்னப்பா, உடம்புக்கு முடியலையா?" என்ற ஒரே கேள்வி போதும். மறுநாள் அவர் வருவார். ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வராமலிருந்தும் யாரும் கேட்கவில்லை என்றால் அவர் திரும்பி வருவது சந்தேகம்தான். மார்கழியில் குழு கரைவது குளிரால் மட்டும் இல்லை, கேட்க ஆளில்லாமலும்தான்.

ஒரு மணி நேரம்

மார்கழியில் சூரியன் எழ ஏறக்குறைய ஆறரை ஆகிவிடும். அதற்கு இருபது நிமிடம் முன்னால்தான் முகம் தெரிகிற வெளிச்சம் வரும். நாலரைக்கே எழுந்து இருட்டில் ஓடுவதைப் பெருமையாக நினைக்காதீர்கள். 5.45க்குக் கூடி 7 மணிக்குக் கலைவது நல்ல கணக்கு. கல்லூரி பஸ்ஸையும் பிடிக்கலாம்.

முதல் பதினைந்து நிமிடம் உடலைச் சூடேற்ற. மூன்று நிமிட வேக நடை. பிறகு ஐந்து நிமிடம் மெது ஓட்டம், பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில். அடுத்து கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள் என்று மூட்டு மூட்டாகச் சுழற்றல். முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி ஓடுதல், குதிகால் பின்பக்கம் தட்ட ஓடுதல், காலை முன்னும் பின்னும் வீசுதல், ஒவ்வொன்றும் இருபது. கடைசியாக அறுபது மீட்டர் தூரத்துக்கு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி மூன்று ஓட்டம். குனிந்து கால்விரலைத் தொட்டு நீண்டநேரம் இழுத்துப் பிடிப்பதெல்லாம் இப்போது வேண்டாம். அதை முடிவுக்கு வையுங்கள்.

அடுத்த நாற்பது நிமிடம் முதன்மைப் பயிற்சி. வேகமானவரும் மெதுவானவரும் சேர்ந்த குழுவை எப்படி ஓட்டுவது என்பதில்தான் பல மாஸ்டர்கள் தடுமாறுகிறார்கள். வேகமானவர் ஒரு கிலோமீட்டர் முன்னால் போய்விடுவார், மெதுவானவர் வெட்கப்பட்டு மறுநாள் வரமாட்டார். இதற்கு எளிய வழி போய்வரும் ஓட்டம். எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். அவரவர் வேகத்தில் பத்து நிமிடம் ஓடியதும் விசில் கேட்கும். கேட்ட இடத்திலேயே திரும்பி, வந்த வேகத்திலேயே திரும்பி ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் போனவர் இரண்டு கிலோமீட்டர் திரும்புவார். ஒன்றரை போனவர் ஒன்றரை திரும்புவார். திரும்பும்போது மெதுவானவர் முன்னால் இருப்பார், வேகமானவர் பின்னாலிருந்து எட்டிப்பிடிப்பார். இருபதாவது நிமிடத்தில் எல்லோரும் ஒரே இடத்தில். எண்ணுவதும் எளிது.

இன்னொன்று வரிசை ஓட்டம். எட்டுப் பேர் ஒற்றை வரிசையில் மெதுவாக ஓடும்போது, கடைசியில் இருப்பவர் வேகமாக ஓடிவந்து முதலிடம் பிடிக்க வேண்டும். உடனே அடுத்த கடைசி ஆள் கிளம்புவார். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் நல்ல வேகப் பயிற்சி. கண்மாய்க்கரையில் பாதை குறுகலாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

தேர்வுக்குப் போகிறவர்கள் வாரம் இரண்டு நாள் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட வேண்டும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள், பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும் என்பது நடப்பு வழக்கம். ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 1,500 என்றால் 400 மீட்டர் பாதையில் மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. எனவே ஒரு சுற்றை 1 நிமிடம் 45 விநாடிக்குள் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள். நான்கு முறை. முதல் சுற்றில் காட்டுகிற வீரத்துக்கு மதிப்பெண் கிடையாது. நான்கையும் ஒரே நேரத்தில் முடிப்பவருக்குத்தான் தேர்வு நாளில் கால் நிற்கும்.

பாதைக்குள்ளேயே ஓடுகிற ஒழுங்கையும் பயிற்சியிலேயே பழகுங்கள். நம் புதுக்கோட்டையைச் சேர்ந்த லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓட்டத்தின் நடுவே ஓடுபாதைக்கு வெளியே கால் பட்டதால் வெண்கலம் கைநழுவிப் போனது. அவ்வளவு பெரிய வீரருக்கே ஒரு காலடியின் விலை அது. பயிற்சியில்தானே என்று வளைவில் குறுக்கே வெட்டி ஓடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் உடலை ஆற்ற. ஓடி முடித்ததும் பொத்தென்று உட்காராதீர்கள், படுக்காதீர்கள். காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறாமல் தலை சுற்றும். ஐந்து நிமிடம் நடந்து, பிறகு கெண்டைக்கால், தொடை, இடுப்பை நிதானமாக நீட்டி, ஒவ்வொன்றையும் முப்பது விநாடி பிடியுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

சட்டை மாற்றுதல்

அந்த வேலை இதுதான். ஓட்டம் முடிந்த இரண்டாவது நிமிடத்தில் நனைந்த பனியனைக் கழற்றி உலர்ந்ததைப் போட வேண்டும். ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அந்த ஈரத்தோடு பைக்கில் ஏறி வாடைக்காற்றில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்குப் போனால், அதுதான் அன்றைய காலையின் மிகக் குளிர்ந்த நேரம். சளி பிடிக்கக் காரணம் கிருமிதான் என்றாலும், நடுங்கியபடி வீடு போய்ச் சேருகிறவர் மறுநாள் வர மாட்டார். பையில் ஒரு பழைய சட்டை, ஒரு துண்டு, இரண்டும் எப்போதும் இருக்கட்டும்.

வரும்போது முழுக்கைச் சட்டையும் காதை மூடிய துண்டுமாக வரலாம். சூடேறியதும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். காதைக் கட்டிக்கொண்டு ஓடினால் வண்டிச் சத்தமும் விசிலும் கேட்காது. தொடை உராயும் இடத்தில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். நனைந்த ஷூவை அடுப்போரம் வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் மறுநாளைக்குள் ஈரத்தை இழுத்துவிடும்.

ஓடும் முன் அரை டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழம். குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வியர்வையும் மூச்சும் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். முடிந்ததும் சுக்குமல்லிக் காபியோ கேழ்வரகுக் கூழோ, கூட இரண்டு அவித்த முட்டையோ சுண்டலோ. மார்கழியில் கோயில்தோறும் விடியலில் பொங்கல் கிடைக்கும். நெய் மணக்கும் பொங்கலைத் தின்றுவிட்டு ஓட முடியாது. ஓடிவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

பெண்கள் குழு

இருட்டைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் பெண்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஆனால் அதைக் காரணம் காட்டி அவர்களை வீட்டில் நிறுத்துவதற்கு இந்த மாவட்டத்தின் வரலாறே எதிர்சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக மைதானத்தில் கூடிச் சைக்கிள் பழகினார்கள். ஒருத்தியாக ஏறியிருந்தால் கேலி விழுந்திருக்கும். ஊரே ஏறியபோது கேலி பேச ஆளில்லை.

கத்தக்குறிச்சியின் செங்கல்சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னாளில் அவர் பயிற்றுநராகக் கிரவுண்டுக்குத் திரும்பினார். ஓடுகிற எந்தத் தங்கையின் உடம்பைப் பற்றியும் கிரவுண்டில் யாரும் பேசக் கூடாது என்பதைக் குழுவின் எழுதப்பட்ட விதியாகவே வையுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். பெண்கள் நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து வந்து சேர்ந்தே திரும்ப வேண்டும். வெளிச்சம் வந்த பிறகே தொடங்க வேண்டும். சட்டை மாற்ற மறைவான இடம் ஒன்றை முதல் நாளே பார்த்து வைக்க வேண்டும். மாதவிடாய் நாளில் ஓடலாம். வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமலே நடக்கலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்

மூக்கொழுகலும் தொண்டைக் கரகரப்பும் மட்டும் என்றால் பாதி வேகத்தில் ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடம்புவலி இருந்தால் ஓடக் கூடாது. மழைக்குப் பிந்திய மாதங்கள் டெங்கு காலமும்கூட. காய்ச்சல் கண்டவர் மருத்துவர் சரி சொல்லும்வரை கிரவுண்டுக்கு வர வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் வீட்டில் இருந்து பயனில்லை, பையில் இருக்க வேண்டும். குளிர்ந்த காற்றை வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழல் சுருங்கி விசில் மாதிரிச் சத்தம் வரும். அவருக்குச் சூடேற்றும் நேரம் கூடுதலாக வேண்டும், மூக்கின் மேல் மெல்லிய துணி உதவும்.

பெரியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். எனவே வெயில் முகம் காட்டிய பிறகே நடக்கத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் அதை வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உட்காரவைத்து 108ஐ அழைக்க வேண்டும். மயங்கி விழுந்து மூச்சில்லை என்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த, குழுவில் இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும்.

உறைபனி ஊருக்குப் போகிறவர்களுக்கு

இந்தக் கிரவுண்டில் ஓடுகிற தம்பிகளில் சிலர் நிஜமான குளிருக்குள் போகப் போகிறவர்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. பக்கத்து ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படியும். அங்கிருந்து லே, காஷ்மீர், சியாச்சின் என்று பணி போகலாம். வேலைக்கும் படிப்புக்கும் கனடா, ஐரோப்பா போகிற பிள்ளைகளும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை தனி.

அங்கே வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது, காற்றையும் பார்க்க வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி உறைக்கும். எனவே ஓட்டத்தின் முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக ஓடி, வியர்த்த பிறகு காற்றை முதுகில் வாங்கித் திரும்ப வேண்டும். பனிச்சறுக்கு நெடுந்தூரப் பந்தயங்களையே மைனஸ் 20க்குக் கீழே போனால் நடத்துவதில்லை. அதைத் தாண்டி வீரம் காட்ட வேண்டியதில்லை.

உடுப்பு மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி, வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை இழை அல்லது மென்கம்பளி. அதன் மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் கம்பளி. வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். நம் ஊர்ப் பருத்திப் பனியன் அங்கே எதிரி, நனைந்தால் காயாது. ஐந்து விரலும் பிரிந்த கையுறையைவிட நான்கு விரல் ஒன்றாகச் சேர்ந்த கையுறை சூடானது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து நனைந்துவிடுவீர்கள்.

விரல், காது, மூக்கு நுனி மரத்து, வெளுத்து, மெழுகு மாதிரி ஆனால் அது உறைபனிக் காயம். தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. மறுபடி உறைகிற ஆபத்து இல்லாத இடத்துக்குப் போய், 37 முதல் 39 டிகிரி வரையான வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூட இருப்பவர் அடக்க முடியாமல் நடுங்குகிறார், நாக்குக் குழறுகிறது, கால் தடுமாறுகிறது என்றால் உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது என்று பொருள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது என்றே அர்த்தம். ஈரத்தைக் கழற்றி, போர்த்தி, உதவி கூப்பிடுங்கள். சாராயம் சூடு தரும் என்பது பொய். அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்ளிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

லே போன்ற 3,500 மீட்டர் உயரத்தில் முதல் சில நாள் ஓட்டமே கிடையாது, ஓய்வுதான். தலைவலி, வாந்தி வந்தால் மறைக்காதீர்கள். அங்கேயும் தனியாகப் போகக் கூடாது என்பதே முதல் விதி. தன் மூக்கு வெளுத்திருப்பதைத் தானே பார்க்க முடியாது. பக்கத்தில் ஓடுபவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் தலை எண்ணப் பழகியவருக்கு அது புதுப் பாடம் இல்லை.

மார்கழி நான்கு வாரம்

முதல் வாரம்: நான்கு நாள். போய்வரும் ஓட்டம் 20 நிமிடம், தண்டால், பஸ்கி தலா மூன்று சுற்று. வேக ஓட்டம் கிடையாது.

இரண்டாம் வாரம்: ஐந்து நாள். போய்வரும் ஓட்டம் 22 நிமிடம். ஒருநாள் வரிசை ஓட்டம். ஒருநாள் 400 மீட்டர் மூன்று முறை.

மூன்றாம் வாரம்: ஐந்து நாள். ஓட்டம் 24 நிமிடம். 400 மீட்டர் நான்கு முறை, வாரத்தில் இரண்டு நாள். நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதல் தொடக்கம். பனி ஒட்டிய கயிறு வழுக்கும், வெயில் பட்ட பிறகே ஏறுங்கள்.

நான்காம் வாரம்: மூன்று நாள் பாதி அளவு. நான்காம் நாள் தேர்வு மாதிரியே விசில், நேரம், எண் ஒட்டிய சட்டையோடு ஓட்டம். பிறகு பொங்கல் விடுமுறை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மறுபடி கூட வேண்டும். பலர் காணாமல் போகிற நாள் அதுதான். அன்றைக்கு நோட்டை எடுத்து, கோடு விழாத பெயர் ஒவ்வொன்றுக்கும் போன் போடுங்கள். எட்டுப் பேர் நின்ற இடத்தில் மறுபடி இருபது பேர் நிற்கிறார்களா என்று அடுத்த திங்கட்கிழமை எண்ணிப் பாருங்கள்.